பஸ்தருக்கு வேலைக்குப் போகிறேன்: பிள்ளைகள் ஆயுதக் குழுவில் சேராமல் இருக்க உண்மையில் எது உதவும்?

பாரதி, புதுவயல்

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஆட்கள் நிறைய இருக்கிற குழு என்பதால் இங்கே கேட்கிறேன். ஊர் புதுவயல். அப்பாவுக்கு அரிசி ஆலையில் நெல் அவிக்கிற வேலை. நான் காரைக்குடியில் சமூகப்பணி முதுகலை முடித்துவிட்டு, நம் மாவட்டத்தில் இருக்கிற இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றில் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது சத்தீஸ்கரில், பஸ்தர் பகுதியில் இருக்கிற பீஜப்பூர் மாவட்டத்தில், ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பதினான்கிலிருந்து இருபத்திரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளோடு வேலை. இளைஞர்கள் மாவோயிஸ்ட் போன்ற ஆயுதக் குழுக்களில் சேராமல் தடுப்பதுதான் நோக்கம் என்று திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள்.

செய்யப்போவது என்ன என்று பார்த்தால், தையல், செல்போன் பழுதுபார்ப்பு, டூவீலர் மெக்கானிக் பயிற்சி, வருடத்துக்கு ஒரு கபடிப் போட்டி, கடைசியில் மூன்று நாள் அமைதிப் பயிற்சி முகாம். படித்ததில் எனக்கு மனசு ஒப்பவில்லை. வேலை இல்லாததால்தான் துப்பாக்கி தூக்குகிறார்கள் என்று முன்கூட்டியே முடிவு கட்டி எழுதிய மாதிரி இருக்கிறது. நம் பக்கத்தில் வேலை இல்லாத பையன்கள் எத்தனை பேர்! சிங்கப்பூர் போக ஏஜெண்டிடம் பணம் கட்டுகிறார்கள், திருப்பூர் பஸ் ஏறுகிறார்கள், டீக்கடையில் பொழுது போக்குகிறார்கள். ஒருவனும் காட்டுக்குப் போகவில்லை. அப்படியானால் வேறு ஏதோ இருக்கிறது.

ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஆப்பிரிக்காவில் ஆயுதக் குழுக்களில் தாங்களாகச் சேர்ந்தவர்களைச் சந்தித்துப் பேசி 2017ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கடைசியில் தங்களை அந்தப் பக்கம் தள்ளியது அரசாங்கத்தின் செயல்தான் என்று அதில் 71 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள்: குடும்பத்தில் ஒருவரை, நண்பனைக் கொன்றது, பிடித்துக்கொண்டு போனது. 2023ல் வந்த அடுத்த அறிக்கையில் வேலையை முதல் காரணமாகச் சொன்னவர்கள் நான்கில் ஒரு பங்கு, மதத்தைச் சொன்னவர்கள் 17 சதவீதம். வேலையும் வேண்டும், அது மட்டும் போதாது என்பதுவரை எனக்குப் புரிகிறது. அதற்கு மேல் நான் போய் இறங்கி என்ன செய்வது என்பதுதான் புரியவில்லை.

பஸ்தரில் இருந்தவர்கள், சண்டை நடந்த இடத்தில் வாழ்ந்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஒரு பிள்ளை போகிறான், அதே தெருவில் இன்னொரு பிள்ளை போகாமல் இருக்கிறான். நடுவில் என்ன நடக்கிறது?

---

ஹவில்தார், தேவகோட்டை

தாயி, நல்ல வேலைக்குத்தான் போற. நான் சிஆர்பிஎஃப்ல இருந்து ஓய்வு பெத்தவன். தந்தேவாடா, சுக்மா ரெண்டு பக்கமும் டூட்டி பாத்திருக்கேன், பீஜப்பூருக்கு ரேஷன் லாரிக்குக் காவலாப் போயிருக்கேன். நான் சொல்றது சீருடை போட்டுக்கிட்டுப் பாத்தது. அந்த ஊருக்காரன் பார்வை வேறயா இருக்கும், அதையும் நீ போய்க் கேட்டுக்க.

அங்கிட்டு மாவோயிஸ்ட் ஆளுக எடுத்த எடுப்புல துப்பாக்கியக் குடுக்கிறதில்ல. சின்னப் புள்ளைகளுக்கு பால் சங்கம்னு ஒண்ணு வச்சிருந்தாக. பாட்டு, ஆட்டம், நாலெழுத்து, ஊருக்குள்ள யாரு வர்றாகன்னு பாத்துச் சொல்றது. கொஞ்சம் வளந்தா கலைக்குழு. அதுக்கப்புறந்தான் படை. வாத்தியாரு எட்டிப் பாக்காத ஊரு, நர்ஸ் வராத ஊரு. அந்தப் பயல மொதமொத பேரச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வேலை குடுத்த வெளியாளு அவுகதான். உங்க கபடிப் போட்டி வருசத்துக்கு ஒருக்கா. அவுக வாராவாரம் வந்தாக. அத யோசிச்சுக்க.

அப்புறம் சல்வா ஜூடும். மாவோயிஸ்டுக்கு எதிரா அரசாங்க ஆதரவோட 2005ல ஆரம்பிச்சது. ஊர் ஊராக் காலி பண்ணி ரோட்டோர முகாம்ல கொண்டாந்து வச்சு, பழங்குடிப் பயலுகளையே எஸ்பிஓன்னு சிறப்புப் போலீசாக்கி கையில துப்பாக்கியக் குடுத்தாக. அஞ்சாம் வகுப்புப் படிப்பு போதும். கடைசில மாசம் 3,000 ரூவா வரைக்கும் குடுத்தாக. சில பயலுகளுக்கு மீசை கூட மொளைக்கல. அண்ணன் காட்டுல, தம்பி முகாம்ல, ரெண்டு பேரு கையிலயும் ஆயுதம். 2011 ஜூலை 5ல உச்ச நீதிமன்றம் இது அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு சொல்லி நிறுத்தச் சொல்லிருச்சு. அந்தப் பக்கம் போகாமத் தடுக்கிறேன்னு இந்தப் பக்கத்துத் துப்பாக்கியக் குடுக்கிறதும் ஆள் சேக்கிறதுதான் தாயி. நான் அதே படையில சம்பளம் வாங்குனவன், மனசாரச் சொல்றேன்.

பள்ளிக்கூடத்தப் பத்தி ஒரு வார்த்தை. எங்க ஆளுக பள்ளிக்கூடக் கட்டடத்துல தங்குனாக. மாவோயிஸ்ட் ஆளுக வந்து கட்டடத்த வெடி வச்சுத் தகத்தாக. இடையில படிப்பு போச்சு. அப்புறம் மூங்கில்ல போட்டா கேபின்னு தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் கட்டுனாக. ஆயிரக்கணக்கான புள்ளைக அதுல படிச்சு மேல வந்துச்சு. ஆனா வீட்ட விட்டுத் தூரம். ஆறு வயசுப் புள்ள ராத்திரி ஆத்தாளக் கேட்டு அழுகுறத நான் வெளியில நின்னு கேட்டிருக்கேன்.

நீ அங்க போயி எந்தப் புள்ளைகிட்டயும் யாரு வந்தாக, யாரு போனாகன்னு கேக்காத. வாய் தவறிக்கூடக் கேக்காத. எங்க வண்டியில ஏறாத. உங்க ஆபீஸு கேம்ப்புக்குப் பக்கத்துல இருந்தா இடத்த மாத்தச் சொல்லு. போலீசுக்குத் துப்பு சொன்னான்னு ஒரு சந்தேகம் வந்தாப் போதும், அந்தப் பய உசுரு தங்காது. அதே மாதிரி சந்தேகத்துல இங்கிட்டு ஒருத்தன உள்ள தள்ளுனா அவன் தம்பி காட்டுக்குப் போயிருவான். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு பீஜப்பூருலயும் இருக்கும். தையல் மிஷின் வாங்குறதுக்கு முன்னாடி அங்க இருக்கிற வக்கீலப் பழக்கம் பிடி.

---

சரவணன், கல்லல்

இவ்வளவு யோசனை தேவையில்லை என்பது என் கருத்து. பஞ்சாபில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போலீஸ் கடுமையாக இறங்கியதால்தான் ஆயுதக் கிளர்ச்சி அடங்கியது. பயம் வந்தால் பிள்ளைகளைப் பெற்றவர்களே பிடித்து வைத்துக்கொள்வார்கள். தவறாக இருந்தால் சொல்லுங்கள்.

---

கரவெட்டி ரீச்சர்

பாரதிப் பிள்ளைக்கு, நான் கரவெட்டியில பிறந்தனான். 1990ல வள்ளத்தில ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில இருந்து, பிறகு சிவகங்கைப் பக்கம் அனுப்பிவிட்டவை. இப்ப மகளோட காரைக்குடியில இருக்கிறன். எண்பதுகளில யாழ்ப்பாணத்தில ஒரு ரியூட்டரியில ஏ.எல். பிள்ளையளுக்குக் கணிதம் படிப்பிச்சனான். என்ர வகுப்பில இருந்து ஆயுத இயக்கங்களுக்குப் போன பிள்ளையளின்ர பேர் முழுக்க இப்பவும் ஞாபகம் இருக்கு. இஞ்ச எழுத மாட்டன். தாய்மார் சிலர் இன்னும் உயிரோட இருக்கினம்.

சரவணன் தம்பி, எங்களை அடிச்சவை. 1979ல பயங்கரவாதத் தடைச் சட்டம் கொண்டுவந்தவை, விசாரணை இல்லாமல் மாதக்கணக்கில வைச்சிருக்கலாம். 1981 மே 31 இரவு யாழ் நூலகத்தை எரிச்சவை, ஏறத்தாழ 97,000 புத்தகம் போச்சு. அதுக்கும் முதல், எழுபதுகளின்ர தொடக்கத்தில பல்கலைக்கழக அனுமதியில தரப்படுத்தல் வந்து, கூட மார்க்ஸ் எடுத்த தமிழ்ப் பிள்ளை கம்பசுக்கு எடுபடாமல் வீட்டில இருந்தான். இதெல்லாம் அடுக்கி வைச்ச விறகு. அப்பவும் இயக்கங்களில இருந்தவை கொஞ்சப் பேர்தான். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கில போனவை. அந்தப் பெடியளுக்கு ஆரும் கொள்கை விளங்கப்படுத்தேல்லை. கொழும்பில இருந்து கப்பலில வந்து இறங்கின சனத்தின்ர முகத்தைப் பார்த்தவை, அவ்வளவுதான். பெத்தவை பிடிச்சு வைக்கலாம் எண்டு சொல்லுறியள். நாங்கள் பூட்டி வைச்ச அறையின்ர ஓட்டைப் பிரிச்சுக்கொண்டு போன பெடியனை எனக்குத் தெரியும்.

பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. ஒருத்தன் போறான், மற்றவன் நிக்கிறான், நடுவில என்ன நடக்குது. எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பெடியளைச் சொல்லுறன்.

ஒருத்தன் நல்லாக் கணக்குச் செய்வான். சுற்றிவளைப்பு வந்து, முகத்தை மூடின தலையாட்டிக்கு (ஆக்களைக் காட்டிக்குடுக்கிறவன்) முன்னால ஊர்ப் பெடியளை வரிசையாக் கொண்டுபோய் நிப்பாட்டினவை. தலையாட்டி இவன்ர தமையனுக்குத் தலையாட்டிப் போட்டான். ஆமி ஏத்திக்கொண்டு போட்டுது. அதுக்குப் பிறகும் இவன் வகுப்புக்கு வந்தவன். கொப்பியைத் திறந்து வைச்சுக்கொண்டு ஒண்டும் எழுதாமல் இருப்பான். நாங்கள் பெரியாக்கள் எல்லாரும் வாசலில நிண்டு ஐயோ பாவம் எண்டு சொல்லிப்போட்டு எங்கட வீட்டுக்குப் போனனாங்கள். ஆனால் அண்டிரவே ஒரு பெடியன் அவையின்ர வீட்டுக்கு வந்து, தாயோட குந்தியிருந்து, எந்தக் காம்ப், ஆர் பிடிச்சது எண்டு கேட்டு எழுதிக்கொண்டு போனவன். அந்த வீட்டில அண்டைக்கு நிண்டு கேட்டது அவன் ஒருத்தன் மட்டும்தான். அந்தக் கிழமையே இவன் போட்டான். எந்த இயக்கம் எண்டதை அவன் தெரிஞ்செடுக்கேல்லை. சந்தியில நிண்ட கூட்டாளி எதுவோ, அது. 1986 ஏப்ரல் கடைசியில ரெலோ எண்ட இயக்கத்தைப் புலிகள் அழிச்ச நேரம், ஒரே பெஞ்சில இருந்து படிச்சவை ஒருத்தருக்கு ஒருத்தர் எதிரா நிண்டவை. இவன் அதில செத்துப்போனவன்.

மற்றவன் படிப்பில மட்டம், கோபக்காரன். தகப்பனைப் பிடிச்சுக்கொண்டு போனவை. அந்த ஊர்ப் பள்ளிக்கூட அதிபரும், பக்கத்து வீட்டு அக்காவும், தாயை ஒவ்வொரு நாளும் விடிய காம்ப் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனவை. பிறகு பிரஜைகள் குழு, கச்சேரி (மாவட்ட அரசாங்க அலுவலகம்). அதிபர் இவனைக் கூப்பிட்டு ஒரு கொப்பி குடுத்து, இந்தப் பக்கத்தில பிடிபட்ட எல்லாரின்ர பேர், வயசு, பிடிபட்ட திகதி எழுது, உன்ர எழுத்து வடிவு எண்டு சொன்னவர். அவன் சைக்கிளில வீடு வீடாப் போய் எழுதினான். மனு எழுதினான். ரெண்டு இயக்கத்தில இருந்து அவனைக் கேட்டு வந்தவை. எனக்கு வேலை கிடக்கு எண்டு சொன்னவனாம். அவன்ர கோபம் குறையேல்லை, பிள்ளை. அந்தக் கோபத்துக்கு ஒரு வேலை இருந்தது. இப்ப அவனுக்குப் பேரப்பிள்ளையள் இருக்கினம்.

1984ல யாழ்ப்பாணத்தில தாய்மார் சேர்ந்து அன்னையர் முன்னணி எண்டு துவங்கி, பிடிச்ச பிள்ளையளை விடச்சொல்லிக் கச்சேரிக்கு ஊர்வலம் போனவை. நானும் போனனான். அண்டைக்கு எங்களோட எத்தினை இளம் பெடியள் தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவை எண்டு நினைச்சால் இப்பவும் நெஞ்சு அடைக்குது. அரசாங்கம் அந்தத் தாய்மாருக்கு மறுமொழி சொல்லியிருந்தால், அந்தப் பெடியளில கனபேர் வாளியோடயே நிண்டிருப்பினம். மறுமொழி வரேல்லை. பிறகு இயக்கங்களும் தாங்கள் சொல்லுறதை விட்டு வேற ஆரும் கதைக்கக் கூடாது எண்டு வந்திட்டினம். ரெண்டு பக்கமும் சேர்ந்து நடுவில நிண்ட ஆக்களை இல்லாமல் ஆக்கினதுதான் எங்கட ஊரில நடந்தது. பிரஜைகள் குழு மாதிரி, அதிபர் மாதிரி ஆக்கள் நிக்கிற இடம் அங்க இருக்கோ எண்டு முதல் பாருங்கோ. இருந்தால் அவையை விட்டுப்போட்டுப் புதுசா ஒண்டு துவங்க வேண்டாம்.

இன்னொண்டும் இருக்கு. தானாப் போறது வேற, பிடிச்சுக்கொண்டு போறது வேற. வன்னியில 2006க்குப் பிறகு புலிகள் வீட்டுக்கு ஒராள் எண்டு கட்டாயமாப் பிடிச்சவை, கடைசியில ஒண்டுக்கு மேலயும் பிடிச்சவை. தாய்தகப்பன் பதினாறு, பதினேழு வயசில கலியாணம் கட்டி வைச்சினம், பங்கருக்குள்ள ஒளிச்சு வைச்சினம். அதுக்கு அமைதிப் பயிற்சி ஒண்டும் செய்யாது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது இரவோட இரவாப் போய் இருக்க ஒரு இடமும், வயசைக் காட்டப் பிறப்புச் சான்றிதழும். ஆயுதக் குழு எதுவும் 18 வயசுக்குக் குறைஞ்ச ஆளைச் சேர்க்கக் கூடாது எண்டு 2000ல ஐ.நா. உடன்படிக்கை வந்தது, 2002 பெப்ரவரியில நடைமுறைக்கு வந்தது. எங்கட பக்கம் பெத்தவை யுனிசெஃப் கந்தோருக்குப் போய்ப் பேர் பதிஞ்சவை. பதிஞ்ச பேரை வைச்சுத்தான் திருப்பித் தா எண்டு கேட்க ஏலும். சான்றிதழ் இல்லாட்டிப் பதினஞ்சு வயசுப் பிள்ளையைப் பத்தொன்பது எண்டு சொல்லிப்போடுவினம். நீங்கள் போன உடனே ஆரிட்டச் சான்றிதழ் இல்லை எண்டு பார்த்து எடுத்துக் குடுங்கோ. தையலை விட அது முக்கியம்.

2009ல சண்டை முடிஞ்ச பிறகு, இயக்கத்தில இருந்த ஏறத்தாழ 12,000 பேரைப் புனர்வாழ்வு முகாமில வைச்சு விட்டவை. அதில 594 பேர் 18 வயசுக்குக் குறைஞ்சவை. தச்சு வேலை, தையல், வெல்டிங் எல்லாம் பழக்கினவை. வெளியில வந்த பிறகு புலனாய்வுக்காரர் வாசலில வந்து நிண்டால் அந்தப் பிள்ளைக்கு ஆர் வேலை குடுப்பினம்? பயிற்சி கிடைச்சது, பக்கத்தில நிக்க ஆக்கள் இல்லை.

முகாம் வாழ்க்கையைப் பற்றியும் சொல்ல வேணும், நீங்களும் வகுப்பு எடுத்தனீங்கள். 1984ல சந்திரகாசன் ஐயா ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் துவங்கினவர். படிப்பு, படிப்பு எண்டு நிண்டவை. மூத்த பிள்ளை சின்னப் பிள்ளைக்குப் பின்னேரம் சொல்லிக்குடுக்க வேணும். 1991க்குப் பிறகு கொஞ்ச வருஷம் கல்லூரியில எங்கட பிள்ளையளுக்கு இடம் கிடைக்கேல்லை. அந்த வருஷங்களில முகாமுக்குள்ள இளந்தாரியள் எப்பிடி ஒடுங்கிப் போனவை எண்டு கண்டனான். பிறகு இடம் கிடைச்சு, முதலாவது பிள்ளை பட்டம் வாங்கிக்கொண்டு வந்த அண்டைக்கு, அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு எழுத இருந்தவையின்ர கதையே மாறிப்போச்சு. ஒருத்தரைக் கண்ணால கண்டால்தான் மற்றவை நம்புவினம்.

---

முத்து, கானாடுகாத்தான்

ரீச்சரம்மா எழுதியதற்குப் பிறகு எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் பணம் சம்பந்தப்பட்ட ஒரு பக்கம் இன்னும் வரவில்லை.

நைஜீரியாவில் கானோ நகரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஆலையில் கணக்குப் பார்த்தேன். 2012 ஜனவரி 20 அன்று போகோ ஹராம் நகரத்தின் பல இடங்களில் ஒரே நாளில் தாக்கியபோது ஆலைக்குள்ளேயே இரவைக் கழித்தோம். அந்தக் குழுவை ஆரம்பித்த முகமது யூசுப் 2009 ஜூலையில் போலீஸ் காவலில் இருக்கும்போதே கொல்லப்பட்டார். வழக்கு நடக்கவில்லை, தீர்ப்பு வரவில்லை. அதற்குப் பிறகு வந்த தலைமை பல மடங்கு கொடூரமாக இருந்தது. சரவணன் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மெர்சி கார்ப்ஸ் என்ற அமைப்பு 2016ல் போகோ ஹராமில் இருந்து வெளியே வந்த இளைஞர்களிடம் பேசி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் என்னை உலுக்கியது கடன். கசாப்புக்கடைப் பையன்கள், தையல்காரர்கள், அழகு நிலையம் வைத்திருந்த பெண்கள் என்று சிறு தொழில் செய்தவர்களுக்கு அந்தக் குழு கடன் கொடுத்திருக்கிறது, கொடுப்பதாக ஆசை காட்டியிருக்கிறது. திருப்பிக் கட்ட முடியாதவனிடம் ஆளையே கேட்டிருக்கிறது. அந்தப் பையன்கள் சோம்பேறிகள் இல்லை, வேலை தெரியாதவர்களும் இல்லை. தொழிலைக் கொஞ்சம் பெரிதாக்க நினைத்தவர்கள். பாங்கு உள்ளே விடவில்லை, வேறு யாரும் நம்பிக் கொடுக்கவில்லை.

நகரத்தார் வீட்டில் பிறந்த எனக்கு அதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. எங்கள் அப்பச்சியின் ஐயா பர்மாவில் தாராவடிப் பக்கம் வட்டிக்கடை வைத்திருந்தவர். அங்கேதான் 1930 டிசம்பரில் சாயா சான் கலகம் தொடங்கியது. நெல் விலை சரிந்துவிட்டது, தலைவரி குறையவில்லை, வட்டியும் குறையவில்லை. உழுதவன் கையில் இருந்த நிலம் போய்க்கொண்டிருந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930ல் நகரத்தார் கையில் இருந்த நிலம் 6 சதவீதம், 1938 வாக்கில் 25 சதவீதம். சாயா சானை 1931 நவம்பரில் தூக்கில் போட்டார்கள். கத்தியோடும் நாட்டுத் துப்பாக்கியோடும் அவர் பின்னால் போனவர்கள் குடியானவர்கள். எங்கள் வளவுகளில் தேக்குத் தூணைக் காட்டி பர்மாவைப் பேசுவோம். இந்தப் பக்கத்தையும் பேச வேண்டும் என்று நினைக்கிறவன் நான். கடன் யார் கையில் இருக்கிறது, விலை விழுந்த வருஷத்தில் அவர் என்ன செய்கிறார் என்பது ஒரு பிள்ளை எந்தப் பக்கம் போவான் என்பதோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

பஸ்தருக்கு வாருங்கள். அங்கே பீடி இலை, இலுப்பைப்பூ, புளி இந்த மூன்றும் முக்கியமான ரொக்க வருமானம். எண்பதுகளில் மாவோயிஸ்டுகள் அங்கே காலூன்றியதே பீடி இலைக் கட்டுக்கு ஒப்பந்தக்காரர்களிடம் விலையை உயர்த்தி வாங்கிக் கொடுத்துத்தான். பாரதி, தையல் சொல்லிக் கொடுத்தபின் மிஷினுக்குப் பணம் யார் தருவார்கள் என்று உங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பயிற்சி முடிந்து சான்றிதழோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஏமாற்றம்தான் மிச்சம்.

லைபீரியாவில் ஒரு நல்ல ஆய்வு நடந்தது. பழைய போராளிகளுக்கு விவசாயப் பயிற்சியும் விதை, கருவிகளும் கொடுத்தார்கள். 2011ல் பக்கத்து ஐவரி கோஸ்டில் சண்டை மூண்டு கூலிப்படைக்கு ஆள் தேடி வந்தபோது, பயிற்சி பெற்றவர்கள் அந்தப் பக்கம் சாய்வது குறைந்திருந்தது. அதிலும் அடுத்த தவணை இன்னும் வர வேண்டியிருந்தவர்கள்தான் மிகக் குறைவாகச் சாய்ந்தார்கள். மொத்தத்தையும் ஒரே நாளில் கொடுக்காமல், இரண்டு மூன்று வருஷத்துக்குத் தொடர்கிற மாதிரி வையுங்கள். வருகிற வருஷம் இவனுக்கு ஏதோ ஒன்று வர வேண்டியிருக்க வேண்டும்.

---

சரவணன், கல்லல்

ரீச்சரம்மா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். நன்றி.

---

பாரதி, புதுவயல்

எல்லாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அச்செடுத்து வைத்துக்கொண்டேன்.

நேற்று நிறுவனத்தில் பேசினேன். மூன்று நாள் அமைதிப் பயிற்சியை எடுத்துவிட்டு அந்தப் பணத்தில் பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் எடுத்துக் கொடுக்கிற முகாம் நடத்தலாமா என்று கேட்டேன். யோசிப்பதாகச் சொன்னார்கள். வக்கீல் விஷயத்துக்கு உடனே சரி என்றார்கள். சோமாலியாவில் நடந்த ஓர் ஆய்வையும் காட்டினேன். பள்ளிப் படிப்பு மட்டும் கிடைத்த இளைஞர்கள் வன்முறையில் இறங்குவது குறைந்ததாம், ஆனால் வன்முறை சரிதான் என்கிற எண்ணம் அவர்களிடம் கூடியதாம். படிப்போடு ஊர்ப் பொதுவேலையிலும் அவர்களைச் சேர்த்துக்கொண்ட இடத்தில் இரண்டுமே குறைந்ததாம். ரீச்சரம்மா சொன்ன கொப்பிக் கதையும் இதுவும் ஒன்றாகத்தான் எனக்குப் படுகிறது. கிராம சபையில் ரேஷன், நூறு நாள் வேலைக் கூலி பாக்கி, வனஉரிமைப் பட்டா மனு இதையெல்லாம் பிள்ளைகளே எழுதிக் கொடுக்கிற மாதிரி ஏற்பாடு செய்யப் பார்க்கிறேன்.

இரண்டு கேள்வி பாக்கி. ரீச்சரம்மா, பெண் பிள்ளைகளும் நிறையப் போனார்களே, அது ஏன்? பெரியவரே, எப்போது போய்ச் சேர்வது நல்லது?

---

கரவெட்டி ரீச்சர்

பொம்பிளைப் பிள்ளையள் போனதுக்கு ஆமிக்குப் பயந்தது ஒரு காரணம். வீட்டில இருந்தால் என்ன நடக்கும் எண்டு தெரியும், கையில ஆயுதம் இருந்தால் கிட்ட வரமாட்டினம் எண்டு நினைச்சவை. மற்றது எங்கட வீடுகள்தான். சீதனம் இல்லாமல் முப்பது வயசு வரைக்கும் வீட்டுக்குள்ள இருத்தி வைச்சம். சைக்கிள் ஓடாதே, சத்தமாச் சிரிக்காதே, பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வெளிக்கிடாதே. இயக்கத்தில காற்சட்டை போட்டுக்கொண்டு வாகனம் ஓடின பிள்ளையைக் கண்டால் மற்றப் பிள்ளைக்கு என்ன தோன்றும்? அங்க போய்த் தையலைப் பொம்பிளைப் பிள்ளையளுக்கும் மெக்கானிக்கைப் பெடியளுக்கும் எண்டு பிரிச்சுப்போடாதேங்கோ. கேட்டுப்பார்த்து, விரும்பினதைப் பழக்குங்கோ. கட்டாயக் கலியாணத்துக்குத் தப்பி ஓடிவாற பிள்ளைக்கும் அந்த இரவு தங்கிற இடத்தைத் திறந்து வைச்சிருங்கோ. அது இல்லாட்டி அவைக்கு இருக்கிற மற்ற இடம் காடுதான்.

---

ஹவில்தார், தேவகோட்டை

மழைக்கு முன்ன போயிரு தாயி. ஜூன் கடைசில மழை புடிச்சுட்டா இந்திராவதி ஆத்துக்கு அக்கரை ஊருகளுக்கு மாசக்கணக்குல பாதை கெடையாது. காரைக்குடில பல்லவன் ரயில் ஏறிச் சென்னை, அங்கருந்து ராய்ப்பூரு, அப்புறம் ஜகதல்பூர் வழியா பஸ்ஸு. கொசுவலை இங்கயே நல்லதா வாங்கிக்க, அங்கத்த மலேரியா மூளைக்கு ஏர்ற சாதி, காய்ச்சல்னா அன்னிக்கே ரத்தம் பாத்துரு. கோண்டி பேசக் கத்துக்க. புஸ்தகத்துல வேணாம், வாரச் சந்தையில புளி விக்கிற ஆத்தாக்க பக்கத்துல போய் உக்காரு, எல்லாக் கிராமத்து ஆளும் அன்னிக்கு அங்க வருவாக. போய் இறங்குனதும் இங்க ஒரு வரி போடு, உங்க அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்.